சத்தம் போடுகிறது என்று அறுத்து எறியலாமா?

காருக்கு அடியில் லொடலொடவென்று ஒரு சத்தம் கேட்கிறது. பட்டறைக்குப் போகிறோம். குனிந்து பார்த்துவிட்டுச் சில மெக்கானிக்குகள் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. "கன்வெர்ட்டர் போயிடுச்சு சார். அதை எடுத்துட்டு நேர் பைப் வெச்சிடலாம். சத்தமும் நிக்கும், பிக்கப்பும் ஏறும்." எங்கள் தெருவிலேயே இரண்டு கார்களுக்கு இப்படி நடந்துவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது என்பது என் கருத்து. 31 வருடம் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் சத்தத்தோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்தக் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது? எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில், புகைக் குழாயில் இருக்கும் ஒரு இரும்புக் கூடு அது. உள்ளே தேன்கூடு போலத் துளைத்துளையாகப் பீங்கான் கட்டி இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றின் விஷத்தையும் பெருமளவு முறிப்பது இதுதான். 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் பட்டால் இது கெட்டுப்போகும் என்பதால் கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதி இன்னும் கடுமையானது.

சத்தத்துக்கு வருவோம். லொடலொடப்பது எல்லாம் கன்வெர்ட்டர் அல்ல. அதன் சூடு மேலே ஏறாமல் இருக்க ஒரு மெல்லிய தகடு மாட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீரில் போல்ட் துருப்பிடித்துத் தகடு ஆடத் தொடங்கும். ஆக்ஸிலரேட்டரை ஒரு குறிப்பிட்ட அளவு மிதிக்கும்போது மட்டும் தகர டப்பா அதிர்வதுபோல் கிர்ரென்று கேட்கும், கொஞ்சம் கூட்டினால் நின்றுவிடும். இதற்கு ஒரு போல்ட்டோ கிளாம்ப்போ போதும். பலருடைய சத்தம் இதுதான்.

உண்மையிலேயே உள்ளே பீங்கான் உடைந்திருந்தால், டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும். வண்டி நன்றாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள், காதுக்கே தெரிந்துவிடும். உடைந்த துண்டுகள் வழியை அடைத்துக்கொண்டால் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறும். ஆனால் அது ஏன் உடைந்தது என்று கேட்க வேண்டும். வேகத்தடையில் அடிபட்டிருக்கலாம். அல்லது பிளக்கோ காயிலோ சரியில்லாமல், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் அதே கதிதான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று கேட்டு, சூடேறியதும் அடங்கிப்போகிறதா? எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டில் விரிசலோ, கேஸ்கட்டில் கசிவோ இருக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால் சத்தம் குறைகிறது. 'தானாகச் சரியாகிவிட்டது' என்று விடக் கூடாத சத்தம் இது. கசிகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பயப்படத் தேவையில்லாத சத்தங்களும் உண்டு. வண்டியை நிறுத்திய பிறகு வரும் டிக் டிக், குழாய் ஆறுகிற ஓசை. பானெட்டுக்குள் மெதுவாகத் தட்டுவது, டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் வால்வாக இருக்கலாம். புது டீசல் கார்களில், நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றினால், வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி எரித்துக்கொண்டிருந்திருக்கலாம். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே போகும் நம் போன்றவர்களின் டீசல் வண்டியில் இந்தக் கரி சரியாக எரியாது. அவ்வப்போது பெங்களூரு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓசை கொஞ்சம் மாறினாலும் நெசவாளர் கையை நிறுத்தி, என்ன ஏது என்று பார்ப்பார். சத்தம் வருகிறது என்று பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நெய்ய மாட்டார். காருக்கும் அந்த நிதானம் வேண்டும். சத்தம் குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஓடும்போதா, மேடு பள்ளத்திலா என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள். "தம்பி, எந்த இடம் ஆடுகிறது என்று காட்டுப்பா" என்று கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் உலோகத்துக்கு நல்ல விலை உண்டு.

புதுக் கன்வெர்ட்டர் விலை அதிகம்தான், ஓய்வூதியக்காரருக்குச் சுமைதான். மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 திருத்தம் வழி செய்திருக்கிறது. அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முகூர்த்த நாளில் காந்தி ரோடு கார்களால் அடைத்துக் கிடக்கும். நம் தெருக்களில் வாசற்படியை ஒட்டியே வண்டிகள் நிற்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் வயதுக்காரர்கள், தெருவில் விளையாடுவது நம் பேரப்பிள்ளைகள். நமக்குச் சத்தம் நின்றுவிடும். அந்த விஷத்தை மூச்சில் வாங்கப்போவது அவர்கள்தான்.