இருளுக்கு உரியவர்கள்

2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவு, சூரியனிலிருந்து புறப்பட்ட காந்தப் புயலொன்று பூமியை வந்தடைந்தது. துருவ நாடுகளுக்கே உரியது என நாம் எண்ணியிருந்த வானொளி, லடாக்கின் ஹான்லே பள்ளத்தாக்கிலும் செந்நிறமாய்ப் படர்ந்தது. அதன் படங்களை நம்மில் பலர் நாளிதழ்களில் கண்டிருப்போம். அந்தச் செம்மையைப் போலவே வியப்புக்குரியது இன்னொன்று உண்டு. அத்தனை மெல்லிய ஒளியைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு இருள் அங்கே மிச்சமிருந்தது என்பதே அது. இன்றைய உலகில் இருள் தானாக எஞ்சுவதில்லை. யாரேனும் அதைக் காத்தால்தான் எஞ்சும். ஹான்லேயில் அதைக் காப்பவர்கள் யார், அந்த வானில் அவர்களுக்குரிய பங்கு என்ன என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

லே நகரிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், சீன எல்லையை ஒட்டிய சாங்தாங் பீடபூமியில் இருக்கிறது ஹான்லே. பஷ்மினா ஆடுகளை மேய்த்து வாழும் சாங்பா மக்களின் நிலம் அது. பதினேழாம் நூற்றாண்டு பௌத்த மடம் ஒன்று அங்கே குன்றின்மேல் நிற்கிறது. மழை மிகக் குறைவு. காற்றில் ஈரம் இல்லை. மாரிக்காலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகையையும் தாண்டும். மனிதருக்குக் கடினமான இவையெல்லாம் தொலைநோக்கிக்கு வரங்கள். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 4500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட ஹிமாலய சந்திரா தொலைநோக்கியை இங்கு நிறுவியது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அது முதன்முதலாக விண்மீன் ஒளியைப் பெற்றது. அதன்பின் வேறு தொலைநோக்கிகளும் வந்தன. 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் என்னும் காமாக் கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஹிமாலய சந்திரா தொலைநோக்கியை இயக்கும் வானியலாளர் பெரும்பாலும் ஹான்லேயில் இருப்பதில்லை. அவர் பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயில், கணினித் திரைகளின் முன் அமர்ந்திருக்கிறார். செயற்கைக்கோள் வழியே ஆணைகள் மலைக்குச் செல்கின்றன. தரவுகள் திரும்பி வருகின்றன. இதில் குறைகூற ஏதுமில்லை. அந்த உயரத்தில் மூச்சுக் காற்றே அரிது. இரவு முழுவதும் விழித்திருந்து நுண்ணிய முடிவுகளை எடுக்கச் சமவெளியே ஏற்றது. ஆயினும் இதன் விளைவு ஒன்றுண்டு. வானியல் என்னும் தொழில் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது. உலகெங்கும் பெரிய ஆய்வகங்களின் போக்கு இதுவே. கண்ணைக் குவிவில்லையில் வைத்து விண்மீனைப் பார்த்த வானியலாளர் இன்று அரிதாகிவிட்டார். அந்த மலை வானத்தின் கீழே உண்மையில் நிற்பவர்கள் இருவகையினர். தேடி வருகின்ற ஆர்வலர் ஒருவகை. அங்கேயே பிறந்து வாழும் ஊரார் மற்றொரு வகை.

ஆர்வலர் என்னும் சொல்லைச் சிறிது நிறுத்திப் பார்க்கலாம். அமெச்சூர் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் இளக்காரமாகவே கையாளுகிறோம்; கற்றுக்குட்டி என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. ஆனால் பிரெஞ்சிலிருந்து வந்த அச்சொல்லின் வேர்ப்பொருள் நேசிப்பவர் என்பதே. தமிழில் இதற்கு நாம் வழங்கும் ஆர்வலர் என்ற சொல்லை வள்ளுவர் எங்கே ஆண்டார் என்பதை நினைவுகூர்ந்தால் மகிழ்ச்சி தோன்றும். அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில், அன்புடையவர் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். இரு மொழிகளும் தம்மையறியாமல் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

வானியலில் இந்த அன்பு வெறும் பொழுதுபோக்காக நின்றதில்லை. இதற்கு ராதா கோவிந்த சந்திரரைக் காட்டிலும் சிறந்த சான்று நம் நாட்டில் இல்லை என்பேன். 1878இல் பிறந்த இவர், இன்று வங்கதேசத்திலுள்ள ஜெசோரில் அரசுக் கருவூலத்தில் எளிய வேலை பார்த்தவர். பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். 1910இல் ஹாலி வால்மீனைக் கண்டு வானத்தின் மேல் பற்றுக்கொண்டார். 1918இல் கழுகு விண்மீன் குழுவில் தோன்றிய நோவாவைத் தம் சிறு தொலைநோக்கியால் அவதானித்தார். பின்னர், ஒளி கூடியும் குறைந்தும் மாறுகின்ற விண்மீன்களைப் பல்லாண்டுகள் இரவிரவாகக் கண்காணித்து, 37,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளை அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அனுப்பினார். அவருடைய உழைப்பைக் கண்ட சங்கம் 1926இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல்கடந்து அவருக்கு அனுப்பி வைத்தது.

அந்தத் தொலைநோக்கியின் பிற்கால வரலாறு நம் ஊரைத் தொடுகிறது. சந்திரருக்குப் பின் அது வைணு பாப்புவிடம் வந்து, இறுதியில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தைச் சேர்ந்தது. பாப்புவும் ஐதராபாத்தில் மாணவராக இருந்த காலத்திலேயே மாறும் விண்மீன்களைப் பார்த்துக் கட்டுரை எழுதியவர்தாம். ஆர்வலராகத் தொடங்கியவர் இந்திய வானியலைக் கட்டியெழுப்பினார். இன்னோர் ஆர்வலரின் கருவி அவர் எழுப்பிய மலை ஆய்வகத்தில் இடம்பெற்றது. தொழில்முறை வானியலாளருக்கும் ஆர்வலருக்கும் இடையே உள்ள கோடு நாம் நினைப்பது போல அவ்வளவு அழுத்தமானதன்று.

ஆனால் ஊராருக்கும் இவ்விருவருக்கும் இடையே உள்ள கோடு அழுத்தமானது. பெரும்பாலான மலை ஆய்வகங்களின் வரலாற்றில் ஊரார் சமையற்காரராகவோ காவலாளராகவோ ஓட்டுநராகவோதான் வருகின்றனர். இருளுக்கு அவர்கள் செலுத்தும் விலையை யாரும் கணக்கிட்டதில்லை. இங்கேதான் ஹான்லே ஒரு மாற்றுவழியைக் காட்டியிருக்கிறது. 2022 டிசம்பரில், ஹான்லேயைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. லடாக் நிர்வாகம், லே மலை வளர்ச்சி மன்றம், வான் இயற்பியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. காப்பகத்துக்குள் இருக்கும் சிற்றூர்களின் விளக்குகளுக்கு மூடிகள் பொருத்தப்பட்டன. சன்னல்களுக்குத் தடித்த திரைகள் தரப்பட்டன. இரவில் வாகனங்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே செல்ல வேண்டும் என்ற நெறி வந்தது. இவற்றோடு நின்றிருந்தால் இதுவும் மேலிருந்து வந்த இன்னொரு கட்டளையாகவே முடிந்திருக்கும். ஆனால் ஊராரில் இருபதுக்கும் மேற்பட்டோர் தேர்ந்தெடுக்கப்பட்டு, வானியல் தூதுவர்களாகப் பயிற்சி பெற்றனர். அவர்களிற் பலர் பெண்கள். அவர்களுக்குத் தொலைநோக்கிகள் வழங்கப்பட்டன. வரும் விருந்தினருக்குச் சனியின் வளையத்தையும் ஆண்ட்ரோமிடா மண்டலத்தையும் காட்டி அவர்கள் வருவாய் ஈட்டுகின்றனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆர்வலர்கள் தத்தம் கருவிகளுடன் அங்கே கூடும் விண்மீன் விழாவும் 2023 முதல் நடைபெறுகிறது.

இதற்கு எதிராக நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நகரத்தார் வெளிச்சத்தில் திளைத்துவிட்டு, மலைக் குடிகளை மட்டும் இருளில் இருக்கச் சொல்வது என்ன நீதி? மின்சாரத்துக்காகப் பல தலைமுறை காத்திருந்தவர்களிடம் விளக்கைத் தணியுங்கள் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? இக்கேள்வியை எழுப்பாமல் இருள்வானத்தைப் புகழ்வது, ஏழ்மையை அழகு என்று போற்றுவதற்கு ஒப்பானது.

இதற்கு விடை இருளின் இயல்பிலேயே இருக்கிறது. வானத்தைக் கெடுப்பது விளக்கின் இருப்பன்று. அது பார்க்கும் திசையும் அதன் நிறமும்தான். மூடியற்ற தெருவிளக்கு தன் ஒளியில் ஒரு பகுதியை யாருக்கும் பயனின்றி மேலே வீசுகிறது. மூடியிட்டுத் தரையை நோக்கித் திருப்பினால், குறைந்த மின்சாரத்தில் அதே பாதையைத் தெளிவாகக் காட்டும். வெண்ணீல எல்.ஈ.டி. விளக்கின் ஒளி காற்றில் அதிகம் சிதறும். இளமஞ்சள் ஒளி குறைவாகச் சிதறும். எனவே ஊராரிடம் கேட்கப்படுவது இருட்டில் இருப்பதன்று, ஒளியை வீணாக்காதிருப்பது. அதை முதலில் கேட்க வேண்டியது நகரங்களிடம். ஹான்லே மக்கள் செய்துகாட்டியதை நம் மாநகராட்சிகள் செய்யாதிருப்பதே உண்மையான அநீதி.

ஆயினும் ஹான்லேயின் ஏற்பாட்டில் எனக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. முதலாவது சுற்றுலா. இருளைக் காண வருபவர் வண்டியில் வருகிறார். வண்டிக்கு விளக்கு உண்டு. அவர் தங்கும் விடுதிக்கும் விளக்கு உண்டு. தண்ணீரும் விறகும் அரிதான ஒரு பள்ளத்தாக்கு எத்தனை விருந்தினரைத் தாங்கும்? தேன் எடுக்கப் போய்க் கூட்டைக் கலைத்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. எத்தனை பேர் வரலாம் என்பதை ஊராரே முடிவு செய்யும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது அச்சம் இன்னும் ஆழமானது. தூதுவர் என்பவர் பிறர் சார்பாகப் பேசுபவர். ஹான்லேப் பெண் வானத்தை விருந்தினருக்குக் காட்டுவதோடு நின்றுவிட்டால், சமையற்காரர், காவலாளர் என்ற பழைய வரிசையில் வழிகாட்டி என்ற புதிய பெயர் சேர்ந்ததாகவே பொருள். அவர் அவதானிக்க வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், அவர் அனுப்பும் எண்கள் ஆய்வேடுகளில் அவர் பெயரோடு இடம்பெற வேண்டும். ஜெசோரின் கருவூல ஊழியருக்கு நூறாண்டுக்கு முன்னர் முடிந்தது, உலகின் மிகச் சிறந்த வானங்களில் ஒன்றன் கீழ் வாழ்பவருக்கு ஏன் முடியாது? மாறும் விண்மீன்கள் இன்றும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கச் சிறு தொலைநோக்கி போதும். நம்பிக்கைக்கு ஒரு தொடக்கமும் இருக்கிறது. ஹான்லே ஆய்வகத்தின் பொறுப்புப் பொறியாளரான லடாக்கியர் டோர்ஜே ஆங்சுக், ஆய்வுப் பட்டத்தால் அன்றி, கருவிகளைக் காத்தும் வானத்தைப் படமெடுத்தும் பெயர் பெற்றவர். 2024இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இது விதிவிலக்காக நின்றுவிடாமல் வழக்கமாக வேண்டும்.

இனி நம் காவலூருக்கு வருவோம். பெயரிலேயே காவலை வைத்திருக்கும் ஊர். 1968இல் சிறு தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இவ்வாய்வகத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களை வெளிப்படுத்திய அவதானிப்புகளில் காவலூரின் பதிவும் ஒன்று. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இங்கு தொடங்கி வைக்கப்பட்டது. 1988இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். இத்தனை பெருமையும் ஜவ்வாது மலை மக்களுடைய இருளின்மேல் எழுந்தது. ஏறத்தாழ 725 மீட்டர் உயரமே உள்ள இம்மலைக்கு ஹான்லேயின் வறண்ட காற்று இல்லை; இருபருவ மழையும் மேகமும் உண்டு; கீழே சமவெளி நகரங்களின் வெளிச்சம் வேறு. மேகத்தை நாம் ஒன்றும் செய்ய இயலாது. வெளிச்சத்தைச் செய்ய இயலும்.

ஜவ்வாது மலையின் பள்ளிகளிலும் ஊராட்சிகளிலும் இருந்து இருபது இளைஞர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மலையடிவார நகரங்களின் தெருவிளக்குகளுக்கு மூடி பொருத்துவது மின்கட்டணத்தைக் குறைக்கவே செய்யும். தமிழ்நாட்டின் வானியல் ஆர்வலர் குழுக்கள் ஆண்டுக்கொருமுறை சென்னையின் மொட்டைமாடிகளை விட்டு இம்மலைக்கு வந்து, ஊர்ப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தாலே போதும், ஒரு மரபு தொடங்கிவிடும். விண்மீன்களைப் பற்றிய அறிவு ஹோஸ்கோட்டேயின் திரையில் இருக்கலாம். விண்மீன்கள் இருப்பது மலைக்கு மேலே. அவற்றின் கீழே வாழ்பவர்களுக்கு அந்த அறிவில் பங்கு தராமல், இருளை மட்டும் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்வது கடன்பட்டுத் திருப்பித் தராதிருப்பதே ஆகும். ஹான்லே அக்கடனில் முதல் தவணையைச் செலுத்தியிருக்கிறது. காவலூர் இன்னும் தொடங்க வேண்டும்.