மூழ்குபவருக்குப் பங்கு எங்கே?

மேனாம்பேட்டுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நின்று, முழங்கால் வலியோடு மேனாம்பேட்டுக்கு வீடு திரும்பும் தொழிலாளிக்கும், இராமநாதபுரம் கடலிலே மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கும் தாய்க்கும் உறவு உண்டு. இவருடைய மூட்டு வலிக்கு, கடற்பாசியின் சத்தை அடைத்த கேப்சூல் கடைக்கு வந்துவிட்டது!

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மூட்டு வலி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கெனக் கடற்பாசியிலிருந்து தயாரிப்புகளை உருவாக்கி, தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியிருக்கிறது. இது வீண் கற்பனையன்று. கடற்பாசிச் சாம்பலிலேதான் 1811-ல் அயோடின் கண்டறியப்பட்டது. நோய்க் கிருமிகளை வளர்த்துச் சோதிக்கும் அகார், நம் கடலின் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கிடைக்கிறது. கட்டக்கோரை தரும் ஆல்ஜின் வகைப் பொருள் புண்ணுக்குக் கட்டுப்போட உதவுகிறது.

ஆனால், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் வென்றதெல்லாம் மனித உடலில் வென்றுவிடுமா? செம்பாசியின் காராஜீனனைக் கொண்டு எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கலாம் என்று நம்பி, தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதனை நடத்தினர். பாதுகாப்பு இல்லை என்று 2008-ல் முடிவு வெளியாயிற்று. சீனா, பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த மறதி நோய் மருந்துக்கு 2019-ல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. அதன் உலகளாவிய சோதனை 2022-ல் நிறுத்தப்பட்டது. நம் கடையில் கிடைக்கும் கேப்சூலும் துணை உணவாக விற்கப்படுவதே; மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்று ஆகாது. ஆகவே விளம்பரம் வேண்டாம், சோதனை வேண்டும். அதை நடத்த நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் இல்லையா?

இன்னொரு கேள்வி இதனினும் பெரிது. சோதனையில் வென்றால் ஆதாயம் யாருக்கு?

விரலில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, பாறையிடுக்கிலே பாசி பறிப்பவர்கள் மீனவப் பெண்கள். 1986-ல் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சென்ற இடத்திலே அவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். கடல்வளம் காக்கப்பட வேண்டியதே. ஆயினும், காவலின் சுமை ஏழைக்கு, காப்புரிமையின் இலாபம் முதலாளிக்கு என்பது என்ன நீதி?

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், இயற்கை வளத்தின் வணிகப் பயனில் உள்ளூர் மக்களுக்குப் பங்குண்டு என்றது. கடற்பாசி ஏற்றுமதிக்காகப் பெப்சி நிறுவனமே உரிமைத்தொகை செலுத்திய முன்மாதிரியும் உண்டு. ஆனால் தில்லி 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பயிரிடப்பட்ட மருத்துவத் தாவரங்களுக்கு விலக்களித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வளர்க்கப்படும் பாசிக்கும் அந்த விலக்கை நீட்டினால், பூங்காவிலே பூப்பது யாருக்காக?

கடற்கரை நம்முடையது, மூழ்குபவர் நம்மவர், விதி எழுதும் கை மட்டும் தில்லியில். எனவே தமிழ்நாடு உரத்துக் கேட்கட்டும்: பாசிப் பெண்களுக்குக் கூட்டுறவுச் சங்கம், விற்பனையிலே சட்டப்படியான பங்கு, மருந்தென விற்குமுன் மனிதச் சோதனை. இவை மூன்றும் கிடைத்தால், மேனாம்பேட்டுத் தொழிலாளி நம்பி விழுங்கலாம். மண்டபத்துத் தாய் நிமிர்ந்து நிற்கலாம்.