வரையளவை வகுப்பவர் யார்?

கசகசா தூவிய அப்பத்தைத் தின்றுவிட்டுக் காலையில் வேலைக்குப் போன தொழிலாளி ஒருவன், அன்றைய ஆய்வில் அபினி உண்டவனாகக் குறிக்கப்பெறுதல் கூடுமா? கூடும். அமெரிக்க நாட்டில் பத்தாண்டுக் காலம் அது மிக எளிதில் கூடுவதாகவே இருந்தது. நம் வீட்டு அம்மியில் தேங்காயோடு சேர்ந்து அரைபடும் அதே கசகசாதான். அபினி வடியும் காயின் உள்ளிருந்தே அவ்விதை எடுக்கப்படுகின்றது. காயின் பால் விதையின்மேல் ஒட்டிக்கொள்ளும். கழுவிய பின்னும் சிறிது எஞ்சும். தின்றவன் சிறுநீரில் அது மார்பீனாக வெளிப்படும். அவனுக்கு வெறியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆனால் ஆய்வுக் கருவிக்கு அப்பமும் தெரியாது, அபினியும் தெரியாது. மார்பீன் ஒன்றே தெரியும்.

1988-ஆம் ஆண்டில் அந்நாட்டு நலத்துறை தன் அரசுப் பணியாளர்க்கென ஒரு நெறிமுறையை வகுத்தது. ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் அபினிவகைப் பொருள் 300 நானோகிராம் இருந்தால், அவன் அதனை உட்கொண்டவனாகக் கொள்ளப்பட வேண்டும் என்றது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கியதில் ஒரு கூறு. இந்த 300 போன்ற எண்ணைத்தான் ஆங்கிலர் 'கட்-ஆஃப்' என்கின்றனர். நாம் அதனை வரையளவு என்போம். (வெட்டு, துண்டிப்பு என்று அதனை மொழிபெயர்க்க அணியமாயிருப்பார் பலர், அவர் கைக்கு இச்சொல் எட்டுமுன் நாம் முந்திக்கொள்வது நல்லது.) வரையளவுக்குக் கீழிருப்பின் 'இல்லை', மேலிருப்பின் 'உண்டு'. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடமும் இல்லை.

அந்த 300 வலையில் அகப்பட்டோருள் பெரும்பாலோர் கசகசா தின்றவரும், மருத்துவர் எழுதிக் கொடுத்த கோடீன் மருந்தை உட்கொண்டவருமே எனப் பின்னர் தெரியவந்தது. அதன்மேல் 1998 திசம்பர் முதலாக வரையளவை 2000 ஆக உயர்த்தினர். 2023-இல் உறுதிப்பாட்டு ஆய்வில் மார்பீனுக்குரிய அளவை 4000 ஆக்கினர். கஞ்சாவிலோ நடந்தது தலைகீழ். 1988-இல் முதலாய்வுக்கு 100 என்று வைத்ததை 1994-இல் 50 ஆகக் குறைத்தனர். எனவே 1000 அளவு அபினிவகை காட்டியவன் 1997-இல் குற்றவாளி, 1999-இல் தூயவன். 70 அளவு கஞ்சாக்கூறு காட்டியவன் 1993-இல் தூயவன், 1995-இல் குற்றவாளி. இவ்விருவர் உடம்பிலும் ஒன்றும் மாறவில்லை. ஏட்டிலிருந்த எண் மாறிற்று, அவ்வளவே.

வரையளவு மலைபோலவும் கடல்போலவும் இயற்கையிலே கிடக்கும் ஒன்றென்று தொழிலாளியை நம்பச் செய்துவிட்டனர். அஃது அறிவியல் முடிந்த முடிபாகக் கண்டறிந்த உண்மை என்றும், அதனை வினவுவோன் போதைக்குத் துணைபோவோன் என்றும் ஒரு பேச்சு வேலைநிலையங்களில் நடமாடுகின்றது. வரையளவு மாந்தர் கூடியமர்ந்து வகுப்பது. கூலியைப் போல, வேலை நேரத்தைப் போல அதுவும் ஓர் எண்ணே. அதனை வகுக்கும் அறையில் தொழிலாளிக்கு ஓர் இருக்கை உண்டா என்பதே நம் வினா.

வெறிப்பொருளுக்கு நாம் வழக்குரைப்பதாக எவரும் கொள்ளற்க. தன் நிலையிழந்தவன் பளுத்தூக்கியின் நெம்புகோலைப் பற்றினால் முதலில் மாள்பவன் முதலாளி அல்லன். கீழே நிற்கும் உடன்தொழிலாளியே. 1987 சனவரி 4-இல் மேரிலாந்து மாநிலத்துச் சேசு என்னுமிடத்தில், நில் என்ற அடையாள விளக்கைக் கடந்து சென்ற எந்திர வண்டிகள், பயணியர் தொடர்வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றன. மோதலில் 16 பேர் மாண்டனர். அவ்வெந்திரத்தை ஓட்டியவனும் அவன் துணைவனும் கஞ்சா புகைத்திருந்தனர். இதற்கு முந்திய ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் இரேகன் அரசு அலுவலகங்களில் ஆய்வு நடத்த ஆணையிட்டிருந்தார். 1991-இல் போக்குவரத்துத் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டமே வந்தது. அச்சட்டத்தின்வழி வந்த நெறிமுறைப்படி, மூச்சாய்வில் 0.04 காட்டும் ஓட்டுநன் வண்டியில் ஏறுதல் கூடாது. அதில் நமக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஏனெனில் மதுவைப் பொறுத்தவரை எண்ணுக்கும் நிலைதடுமாற்றத்துக்கும் தொடர்புண்டு. மூச்சில் உள்ள அளவு குருதியில் உள்ளதைக் காட்டும். குருதியில் உள்ளது மூளையை அப்பொழுதே தாக்கிக்கொண்டிருக்கும். கஞ்சாவுக்குச் சிறுநீரில் தேடப்படும் பொருளோ, உடல் அதனைச் சிதைத்து வெளியேற்றும் வெற்றுக் கழிவு. அது மயக்கம் தருவதன்று. வெறி சில மணி நேரத்தில் தணிந்துவிடும். கழிவோ பல நாள், நெடுநாட் பழக்கமுடையானுக்குப் பல கிழமை, வெளியேறிக்கொண்டே இருக்கும். அடுப்பணைந்த வீட்டில் சாம்பலைக் கண்டு, 'இப்பொழுது தீப்பற்றி எரிகின்றது' என்று கூவுவதை ஒக்கும் இவ்வாய்வு. மேலும், நிரம்ப நீர் பருகினால் அதே சிறுநீர் நீர்த்து எண் குறையும். வெயிலில் வியர்த்து நாவறண்டு உழைத்தவனுக்கு எண் கூடும். சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் என்னும் பொருளை அளந்து, மிகவும் நீர்த்துவிட்டதா என்று ஆய்வகத்தார் பார்ப்பது இக்கரணியத்தாலேதான்.

போக்குவரத்துக்குச் சட்டமே எண்ணைக் குறித்துவிடுகின்றது. மற்றைத் தொழில்களில் உடன்படிக்கையே குறிக்க வேண்டும். அங்கேதான் சூழ்ச்சி புகுகின்றது. 'கண்டறியத்தக்க எவ்வளவாயினும் இருந்தால் வேலைநீக்கம்' என்று பல நிறுவனத்தார் எழுதி வைக்கின்றனர். கேட்பதற்கு உறுதியான சொல்லாகத்தான் இருக்கின்றது. ஆனால் 'கண்டறியத்தக்க' என்பதன் பொருள் என்ன? கருவி எவ்வளவு நுண்மையானதோ அவ்வளவு. இன்றைக்கு 50-ஐக் காணும் கருவி, நாளைக்குப் புதிதாய் வாங்கப்படுமானால் 5-ஐக் காணும். உடன்படிக்கையில் ஓர் எழுத்தும் மாறாமலே தொழிலாளியின் கழுத்துக்கயிறு இறுகிவிடும். வரையளவில்லா உடன்படிக்கை என்பது, கருவி விற்பவனிடம் வரையளவைக் குத்தகைக்கு விடுவதாகும்.

1989-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் தொழிலுறவு வாரியம் இதுபற்றி ஒரு தீர்ப்பு வழங்கிற்று. வேலையில் இருக்கும் தொழிலாளரைப் போதைப்பொருள் ஆய்வுக்கு உட்படுத்துவது, கூலியைப் போலவே தொழிலாளர் கழகத்தோடு பேசித் தீர வேண்டியது. முதலாளி தானாக அறிவிப்பை ஒட்டிவிட்டு ஆய்வைத் தொடங்குதல் கூடாது என்பதே அது. வேலை தேடி வருவோர்க்கு மட்டும் அதே காலத்தில் அவ்வாரியம் அக்காப்பைத் தர மறுத்துவிட்டது. உள்ளே இருப்பவனுக்கு வாயுண்டு. வாயிலில் நிற்பவனுக்கு இல்லை!

கனடா நாட்டுச் செய்தி இன்னும் தெளிவானது. நியூ பிரன்சுவிக்கு மாநிலத்துச் செயின்ட் சான் நகரில் இர்விங் தாளாலையார், 2006-இல் தாமாகவே ஒரு நெறியை வகுத்தனர். இடர்மிக்க வேலையில் இருப்போருள் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டினரைக் குலுக்கலில் எடுத்து மூச்சாய்வு செய்வது, 0.04-க்கு மேற்பட்டால் ஒறுப்பது. குலுக்கலில் வந்த ஒருவனுக்குக் கருவி காட்டியது சுழி. சுழி காட்டியவனே முறையிட்டான் என்பதுதான் இவ்வழக்கின் பெருமை. தலைமை வழக்குமன்றம் 2013-இல் தொழிலாளர் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தாளாலையில் 15 ஆண்டுகளில் மது தொடர்பாகப் பதிவான நிகழ்வுகள் எட்டே. அவ்வளவு சிறிய சான்றைக் கொண்டு, பேசி முடிக்காத ஒன்றை எல்லார்மேலும் சுமத்துதல் ஆகாது என்றது. வேலை இடர்மிக்கது என்பது மட்டுமே போதுமான சான்றாகாது என்பதும் அத்தீர்ப்பின் உள்ளீடு.

ஆத்திரேலியாவில் 2012-இல் மின்வழங்கல் நிறுவனம் ஒன்றும் அதன் தொழிலாளர் கழகங்களும் வழக்காடியபோது, குலுக்கலாய்வு வேண்டும் என்பதில் இரு பக்கத்தார்க்கும் பிணக்கில்லை. சிறுநீரா, உமிழ்நீரா என்பதே பிணக்கு. உமிழ்நீர் அண்மையில் உட்கொண்டதைக் காட்டும். சிறுநீர், சென்ற கிழமை தன் வீட்டில் தன் ஓய்வு நாளில் செய்ததையும் காட்டிக்கொடுக்கும். வேலைத்தகுதியை அறிவதற்கு உமிழ்நீர் போதும். சிறுநீர் கேட்பது முறையற்றது என்று தொழிற்பூசல் தீர்ப்பாயம் முடிவு கூறிற்று. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. எண்ணை வகுக்குமுன், எதில் அந்த எண் என்பதை வகுக்க வேண்டும் என்பதை அத்தொழிலாளர் அறிந்திருந்தனர்.

இனி, நம்மை மிகவும் எண்ண வைத்த செய்திக்கு வருவோம். உடன்படிக்கையில் எழுதிவிட்டால் எல்லாம் செம்மையாகிவிடும் என்று நாமே கருதியிருந்தோம். பாசுடன் நகரக் காவலர் பட்டறிவு அக்கருத்தை அசைத்துவிட்டது. அங்கே தலைமயிரை அறுத்தெடுத்து ஆயும் முறையைக் காவலர் கழகமே உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டது. 1999 முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு காவலரும் தம் பிறந்தநாளை ஒட்டி மயிர் கொடுக்க வேண்டியிருந்தது. எட்டாண்டுகளில் வெள்ளையருள் 99 விழுக்காட்டினர்க்கு மேலும், கருப்பருள் 98 விழுக்காட்டினர்க்கு மேலும் கொக்கைன் ஆய்வில் தேறினர். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். தேறியவரைப் பாராமல் தேறாதவரைப் பாருங்கள். கருப்பர்க்கு நேர்ந்த இழப்பு தற்செயலானதன்று என்று 2014-இல் கூட்டரசு மேல்முறையீட்டு மன்றம் கணக்கிட்டுக் கூறிற்று. கரிய மயிரின் நிறப்பொருள் கொக்கைனை மிகுதியாய்ப் பற்றும் என்றும், வெளியிலிருந்து படிந்த தூளுக்கும் உட்கொண்டதற்கும் இவ்வாய்வால் வேறுபாடு காண இயலாது என்றும் வழக்காடியோர் எடுத்துரைத்தனர். கொக்கைன் வணிகரைப் பிடிப்பதே வேலையாகவுடைய காவலன் தலையில் அத்தூள் படியாதா?

இதனினும் கொடிது ஒன்றுண்டு. ஆய்வில் தவறியவர் போதைப்பழக்கத்துக்கு மருத்துவம் பெற உடன்பட்டு, 45 வேலைநாள் ஊதியமின்றி வெளியே இருக்க ஒப்பினால், வேலை மீண்டது. உட்கொள்ளவே இல்லை என்று நிலைநின்றவர் வேலையை இழந்தனர். உண்மை பேசியவன் தெருவில் நின்றான். பொய்யாக ஒப்புக்கொண்டவனுக்குச் சீருடை மீண்டது. இதனை எழுதியோர் தீயவர் அல்லர். இரக்கம் காட்டுவதாக எண்ணியே எழுதியிருப்பர். 2013-இல் மாநில ஆணையம், மயிராய்வு ஒன்றையே சான்றாகக் கொண்டு ஒருவனை நீக்குதல் கூடாதென்று கூறி, முறையிட்ட பதின்மருள் அறுவரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது. 2023-இல் நகராட்சி 26 இலக்கம் தாலர் கொடுத்து எஞ்சிய வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இடையில் கழிந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்?

ஆகவே கையெழுத்திடுமுன் கழகத்தார் வேதியலும் ஓரளவு கற்றாக வேண்டும். எந்தப் பொருள், எதில், எத்துணை அளவு என்பது எண்ணாகவே எழுதப்பெறட்டும். முதலாய்வு விரைவானது, தவறக்கூடியது. இரண்டாம் ஆய்வால் உறுதிப்படாமல் ஒருவர் பெயரும் வெளிவருதல் கூடாது. எடுத்த சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிட்டு, தொழிலாளி விரும்பினால் மற்றதை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை அமெரிக்கப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கின்றது. கேட்பதற்கு 72 மணி நேரம் தருகின்றனர். மருத்துவர் தந்த மருந்துச்சீட்டை ஒரு மருத்துவரே பார்த்த பின்புதான் முடிவு முதலாளிக்குப் போக வேண்டும் என்பதும் அங்குள்ள நெறியே. அந்நெறிகளைச் சட்டம் கட்டாயப்படுத்தாத தொழில்களில், கேட்டுப் பெறாதவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்போர், தூத்துக்குடியிலிருந்தும் குமரிக் கரையிலிருந்தும் கப்பலேறும் இளைஞரை எண்ணிப் பார்க்கட்டும். கடலோடிகளுக்கான உலக உடன்படிக்கை 2010-இல் மணிலாவில் திருத்தப்பெற்று, 2012 சனவரி முதல் நடப்பிலிருக்கின்றது. குருதியில் 0.05 விழுக்காடு, அல்லது மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்பதே அது மதுவுக்கு விதித்த மேலெல்லை. கப்பல் நிறுவனத்தார் தம் உடன்படிக்கையில் அதனினும் குறைவாக வைத்துக்கொள்ளலாம். பலர் வைத்தும் இருக்கின்றனர். மற்றப் பொருள்களுக்கு என்ன எண் என்பது, நம் இளைஞன் ஆங்கிலத்தில் படிக்காமலே கையெழுத்திடும் தாளின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அல்லது 'கண்டறியத்தக்க எவ்வளவாயினும்' என்றிருக்கும். நடுக்கடலில் இரண்டாம் ஆய்வகம் இல்லை. இருமலுக்கு வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கோடீன் மருந்தின் சீட்டு ஊரில் கிடக்கும். கரையிலிருக்கும்போதே, பேனாவை எடுக்குமுன், அத்தாளைத் தமிழில் அவனுக்குப் படித்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும். கடலோடிகளின் கழகங்கள் அவ்வேலையை இவ்வாண்டே தொடங்கலாம். மொழிபெயர்த்துக் கொடுக்க நம் அன்பர் பலர் அணியமாய் இருக்கின்றனர்.