கேட் டிசைனில் ஒளிந்திருக்கும் பிசிறுக் கோடுகள்... தகட்டை வெட்டும் முன் நீக்குவது எப்படி?

விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர் சங்கரன்கோவில். துணியில் ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் தறிக்காரர் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். கம்ப்யூட்டரில் போடும் டிசைனிலும் இப்படிப் பிசிறுகள் உண்டு. நூல் பிசிறு கண்ணுக்குத் தெரிந்துவிடும்; கோட்டுப் பிசிறு பல நேரம் தெரியாது. அதுதான் சிக்கல்.

வீட்டு கேட், பூஜை அறைக் கதவு, ஜன்னல் ஜாலி என எதற்கும் இப்போது சி.என்.சி. கட்டிங்தான். ஆட்டோகேடில் டிசைன் போட்டு, டி.எக்ஸ்.எஃப். ஃபைலாகக் கொடுத்தால் மெஷின் தகட்டை வெட்டிவிடும். எது பூ, எது பிசிறு என்று மெஷினுக்குத் தெரியாது. ஃபைலில் கோடு இருந்தால் வெட்டும், அவ்வளவுதான்.

என்ன நஷ்டம்?

காப்பி, பேஸ்ட் செய்யும்போது ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு உட்கார்ந்துவிடும். திரையில் ஒன்றாகத் தெரிவது, மெஷினில் இரண்டு முறை வெட்டப்படும், விளிம்பு கருகும். வெட்டும் நீளத்துக்கோ நேரத்துக்கோ கட்டணம் என்றால் செலவும் கூடும். கோட்டின் முனைகள் சேராமல் மயிரிழை இடைவெளி இருந்தால், வெட்டிய துண்டு கழன்று வராது. ஓரத்தில் தவறி விழுந்த குட்டிக் கோடு, நல்ல தகட்டில் தேவையில்லாத வெட்டாகிவிடும்.

எப்படிப் பிடிப்பது?

* முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா லேயர்களையும் ஆன் செய்து, பூட்டியிருப்பவற்றைத் திறந்துவிடுங்கள். பூட்டிய லேயரில் இருப்பதை அழிக்க முடியாது.

* இசட், என்டர், இ, என்டர் தட்டுங்கள். டிசைன் ஒரு மூலையில் எறும்பாகச் சுருங்கினால், எங்கோ தொலைவில் ஏதோ ஒன்று கிடக்கிறது என்று அர்த்தம்.

* மவுஸை இடமிருந்து வலமாக இழுத்தால் நீலப் பெட்டி வரும். அதற்குள் முழுதாக அடங்கியவை மட்டும் தேர்வாகும். வலமிருந்து இடமாக இழுத்தால் பச்சைப் பெட்டி. அது தொட்டதெல்லாம் தேர்வாகும். பிசிறை அழிக்கப்போய் நல்ல கோட்டையும் அழிப்பது பெரும்பாலும் பச்சைப் பெட்டியில்தான். தவறிச் சிக்கியதை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் விடுவித்துவிடலாம்.

* குட்டிக் கோடுகள் நிறைய இருந்தால் ‘குயிக் செலக்ட்’ கைகொடுக்கும். ‘1 மில்லிமீட்டருக்குக் குறைவான கோடுகள்’ என்று நிபந்தனை கொடுத்தால் மொத்தமாகப் பிடிபடும். உடனே டெலிட் தட்டாமல், ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

* ஒன்றின் மேல் ஒன்றான கோடுகளுக்கு ‘ஓவர்கில்’ கட்டளை. அதில் ‘டாலரன்ஸ்’ அளவை மிகச் சிறியதாகவே வையுங்கள். கூட்டினால், பக்கத்துப் பக்கத்தில் வேண்டுமென்றே போட்ட இரண்டு கோடுகளில் ஒன்று காணாமல் போகலாம்.

* நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு ‘டிரிம்’, சேராத முனைக்கு ‘ஜாயின்’. கடைசியாக உள்ளே ‘ஹேட்ச்’ நிரப்பிப் பாருங்கள். நிரம்பாமல் அடம்பிடித்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

எல்லாமே பிசிறு அல்ல!

ஃப்யூஷன், ஃப்ரீகேட் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் ஓர் எச்சரிக்கை. ஸ்கெட்ச்சில் தனியாக நிற்கும் ஒரு கோட்டைப் பிடித்துத்தான் மற்ற அளவுகள் நின்றுகொண்டிருக்கலாம். அதை அழித்தால் டிசைனே நிலைகுலையும். சந்தேகம் வந்தால் அழிக்காமல், ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ கோடாக மாற்றிவிடுங்கள்.

கோட்டைத் திரையிலேயே தொட்டு அழிக்கும் வசதி 1963-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, ஒளிப்பேனாவால் அதைச் செய்து காட்டியது. கருவி இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. எதை அழிப்பது, எதை விடுவது என்ற முடிவு மட்டும் இன்னும் வரைபவர் கையில்தான் இருக்கிறது.

டிசைன் போடத் தெரியாதவர்களும் ஒன்று செய்யலாம். கேட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, “வெட்டுறதுக்கு முன்னாடி கட்டிங் பாதையைத் திரையில ஒருதடவை ஓட்டிக் காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை ஓடினால் அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடலாம். திரையில் தவறாக அழித்த கோட்டைத் திரும்ப வரவழைக்க ‘அன்டூ’ இருக்கிறது. வெட்டிய தகட்டுக்கு அது இல்லை.