ஆமை ஓடு ஒரு பெட்டி அல்ல

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று சொன்ன ஊர் இது. இன்றைக்கு அதே ஊரில், வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரும் என்று சொல்லி மீன் தொட்டிக் கடைகளில் ஆமைக் குட்டி விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம். நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் குட்டி, காதோரம் சிவப்புக் கோடு. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், ஒரு பாட்டில் காய்ந்த இறால். 'தண்ணிய மட்டும் மாத்துங்க சார், வேற ஒண்ணும் செய்ய வேணாம்' என்பதோடு கடைக்காரரின் வகுப்பு முடிந்துவிடும்.

ஐந்து வருடம் முன்பு என் அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது அப்படி ஒரு ஆமை. டப்பா டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு மாதத்தில் ஓட்டின் ஓரம் மேல்நோக்கி மடங்க ஆரம்பித்தது. விரலால் லேசாக அழுத்தினால் ரப்பர் மாதிரி உள்ளே போனது. கடையில் போய்க் கேட்டால், 'ஓடுதானே, போகப்போகக் கெட்டியாயிடும்' என்று பதில். கெட்டியாகவில்லை.

இந்த 'ஓடுதானே' என்கிற நினைப்புதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். நத்தை ஓடு மாதிரி, நண்டு ஓடு மாதிரி அதை வெளியே போர்த்திக்கொண்ட ஒரு பெட்டி என்று நினைக்கிறோம். ஆமையின் ஓடு அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து உருவான கூரை அது. மேலே தெரிகிற கட்டம் கட்டமான தகடுகள், நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. அடியில் ரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு, வலியும் உண்டு. ஓடு மெத்தென்று ஆகிவிட்டது என்றால் உடம்பில் உள்ள எலும்பு முழுவதும் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாடை வளைந்து, காலை ஊன்ற முடியாமல் போவதெல்லாம் அடுத்தடுத்து வரும்.

எலும்புக்குக் கால்சியம் வேண்டும். அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் தயாரிக்க வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். டப்பாவில் இருக்கும் ஆமைக்கு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கிடைப்பதில்லை. 'ஜன்னல் ஓரமாத்தான் வெச்சிருக்கோம், நல்லா வெளிச்சம் வருதே' என்பார்கள். வெளிச்சம் வரும், அந்தக் கதிர் வராது. சாதாரண ஜன்னல் கண்ணாடியே அதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். குளிர் நாடுகளில் இதற்காகவே விலை உயர்ந்த விளக்கு வாங்குகிறார்கள். அந்த விளக்குகளும் எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துவிடும். அதனால் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நமக்கோ மொட்டை மாடியில் அது இலவசம். இருந்தும் நம் ஊர் ஆமைகளுக்கு வெயில் இல்லாமல் எலும்பு கரைகிறது என்றால் என்ன சொல்ல!

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் அரை மணி நேரம் போதும். அகலமான ஒரு தொட்டி, கொஞ்சம் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதி இடத்தில் நிழல். நிழல் கட்டாயம். ஆமையால் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்த முடியாது. வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்ந்துதான் சமாளிக்கும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனால் வெந்துவிடும். சித்திரை, வைகாசியில் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்திலேயே இருங்கள், காக்கை தூக்கிக்கொண்டு போய்விடும்.

உணவு விஷயத்தில் அந்தக் காய்ந்த இறால் பாட்டிலை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பார்க்கிறேன். அது நொறுக்குத்தீனி. அதையே மூன்று வேளைச் சாப்பாடாகப் போடுவது, பிள்ளைக்கு தினமும் சிப்ஸ் மட்டும் கொடுத்து வளர்ப்பது போல. ஆமைக்கென்று வரும் நல்ல தீவனக் குருணை, உப்பு போடாத சின்ன மீன் முள்ளோடு, வளர வளரக் கீரை என்று மாற வேண்டும். முருங்கைக்கீரையில் கால்சியம் நிறைய. பாலக், பசலை மாதிரி ஆக்சலேட் அதிகமுள்ள கீரைகள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அடிக்கடி வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். பறவைக் கூண்டில் தொங்குமே, அதேதான். ஒரு துண்டு தண்ணீரில் மிதக்கவிட்டால் ஆமை வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஓடு அழுகல். இதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரும், காய்வதற்கு இடம் இல்லாததும்தான். தண்ணீர் ஆமை என்றாலும் தினமும் மேலே ஏறி முழுக்கக் காய வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் தென்னை மரத்தடி இரண்டு மாதத்திலேயே அதற்குப் போதாது. ஓட்டில் சின்னக் கீறல் விழுந்து, அதில் கிருமி புகுந்தால் குழி விழும், நாற்றம் வரும், அடி ஓட்டில் சிவப்பு படரும். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிரே போகும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அழுகல் இல்லை. நம் போர் தண்ணீரில் பக்கெட்டில் உப்பு படிவதுபோல ஓட்டிலும் படியும். நனைந்தால் மறைந்து காய்ந்தால் தெரிகிற, நாற்றமோ குழியோ மெத்தென்ற தன்மையோ இல்லாத வெள்ளை பெரும்பாலும் அதுதான். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தகடு உரிந்து வருவதும் இயல்பு. நகத்தால் பிய்க்காதீர்கள், அதுவாகவே விழும். பாசி பிடித்திருந்தால் பழைய மெல்லிய டூத்பிரஷ் போதும், சோப்பு வேண்டாம்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். 'ஓடு பளபளன்னு இருக்கும்' என்று தடவுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணெய்ப் படலம் அழுக்கையும் கிருமியையும் உள்ளேயே பூட்டிவைக்கும், அவ்வளவுதான். நெயில் பாலிஷ், பெயின்ட் அடிப்பதெல்லாம் அதைவிட மோசம். ஓடு மெத்தென்று ஆனாலோ, குழி விழுந்தாலோ கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சின்ன ஊர்களில் ஆமை பார்க்கும் மருத்துவரைத் தேடுவது கஷ்டம்தான். வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டிய விஷயம் இது.

இதுவரை சொன்னது சிவப்புக் காது ஆமைக்கு. நட்சத்திர ஆமை, பாலாமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைப்பதே குற்றம். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை; தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. வீட்டில் இருந்தால் ஓட்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

சிவப்புக் காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தக் குட்டி, பெண்ணாக இருந்தால் ஒரு அடி நீளம்வரை வளரும், 20, 30 வருடம் வாழும். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இதைக் கடையில் யாராவது சொல்கிறார்களா? அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைக் குட்டிகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975-லேயே தடை போட்டார்கள். காரணம் சால்மொனெல்லா கிருமி. குழந்தைகள் வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆமையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதைக்கூட நம் கடைகளில் சொல்வதில்லை.

சொல்லாததன் விலையை ஆமை மட்டும் கொடுப்பதில்லை. ஓடு கோணலாகி, நாற்றம் அடித்து, பெரிதாகிவிட்டால் 'பாவம், விட்டுடலாம்' என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விடுகிறோம். புண்ணியம் என்று வேறு நினைப்பு. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. கேரளத்தில் திருச்சூர் பக்கம் 2018-இல் நீர்நிலையில் இது கிடைத்த பிறகு, அங்கே உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் தேடிச் சேகரிக்கும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. நம் பாலாமை வெயில் காயும் கல்லில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதன் இரையையும் தின்னும்.

குட்டி விற்பனையை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதுவரை, விற்கிற ஒவ்வொரு டப்பாவிலும் இந்த ஆமை எவ்வளவு வளரும், எத்தனை வருடம் வாழும், வெயில் வேண்டும் என்ற மூன்று வரியையாவது தமிழில் ஒட்டச் சொல்லி உத்தரவு போடலாம். மீன் தீவனப் பாக்கெட்டில்கூட அதைவிட அதிகமாக எழுதியிருக்கிறது.

அக்கா வீட்டு ஆமை பிழைத்துவிட்டது. மருத்துவர் கால்சியம் ஊசி போட்டார், வெயில் காட்டச் சொன்னார், மூன்று நான்கு மாதத்தில் ஓடு இறுகியது. பின்பக்கம் மடங்கியது மடங்கியதுதான், நிமிரவில்லை. பையன் இப்போது கல்லூரி விடுதியில். தினமும் காலை எட்டு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது அக்காதான், முட்டி வலியோடு.