இரத்தத்தை உறைய வைப்பது தாயத்தா?

பிறந்து மூன்று நான்கு நாளான ஒரு குழந்தைக்குத் தொப்புளிலிருந்து இரத்தம் நிற்காமல் கசியுமானால், நம் ஜனங்களில் பலருக்கு உடனே தோன்றுவது கண்ணேறு, செய்வினை, கிரகதோஷம் என்கின்ற சங்கதிகளேயாகும். பூசாரிக்குத் தட்சணையும் தாயத்துக்குக் காசும் போகுமே ஒழிய, இரத்தம் ஏன் உறையவில்லை என்று கேட்பாரில்லை. நாம் அதையே கேட்கிறோம்.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களில் சிலவற்றை ஈரல் தயார் செய்வதற்குக் கே வைட்டமின் என்னும் சத்து அவசியம். டென்மார்க் தேசத்து ஹென்ரிக் டாம், கொழுப்பில்லாத தீனி தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தம் கசிவதைக் கண்டார். அவர் குஞ்சுகளுக்குத் திருஷ்டி கழிக்கவில்லை. தீனியை மாற்றி மாற்றிச் சோதித்தார். 1935ல் அச்சத்துக்குக் கே என்று பெயரிட்டார். 1943ம் வருஷத்து நோபெல் பரிசு அவருக்கும் அமெரிக்கர் எட்வர்டு டாய்ஸிக்கும் கிடைத்தது.

இச்சத்து தாயின் வயிற்றில் குழந்தைக்கு மிகச் சொற்பமாகவே சேருகிறது. தாய்ப்பாலிலும் குறைவுதான். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவது மடமையாகும். பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராம் ஊசி போட்டால் போதும். போடாவிட்டாலோ, சில குழந்தைகளுக்கு 2 முதல் 12 வாரத்துக்குள் மூளைக்குள்ளேயே இரத்தம் கசிந்துவிடும். அப்போது தாயத்தும் உதவாது. காலந்தாழ்த்திப் போனால் டாக்டரும் பலசமயம் உதவ முடியாது.

இவ்வூசியால் புற்றுநோய் வருமோ என்று 1990களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஒரு சந்தேகம் கிளம்பிற்று. பின்னர் நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் அது நிலைக்கவில்லை. சந்தேகத்தையும் சோதித்துப் பார்ப்பதல்லவோ பகுத்தறிவு!

நிற்க, தாயத்தை எறிந்துவிட்டு ஊசியையே தாயத்தாக்கிக் கொள்வதும் மூடநம்பிக்கைதான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பருத்திக் கொல்லையிலும் சோளக் கொல்லையிலும் ஒருவரை விரியன் கடித்தால் இரத்தம் உறையாமற் போகலாம். அங்கே கே ஊசியால் பலனில்லை. ஏனெனில் குறைந்தது சத்தல்ல; உறைய வைக்கும் பொருள்களை விஷம் செலவழித்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து ஒன்றே வழி. இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே அதை முடிவு செய்கிறார்கள். கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் மந்திரிப்பதும் உயிருக்கு வைக்கும் உலையாகும்.

அதுபோலவே, செயற்கை இருதய வால்வு வைத்துக்கொண்டு வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர், யாரோ சொன்னாரென்று கே மருந்தை வாங்கித் தின்றால், வால்விலேயே இரத்தம் உறைந்து ஆபத்து நேரலாம். இம்மருந்தை இரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினாலும் விபரீதமான ஒவ்வாமை வரக்கூடும். எந்த மருந்தானாலும் ஆள், அளவு, காரணம் மூன்றும் தெரிந்தே கொடுக்கப்பட வேண்டும்.

தோழர்களே! அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் அரசாங்கத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 108க்குக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. இவை நம் வரிப்பணத்தில் நடப்பவை. ஆகவே உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், ஜாதகம் கணிக்க நேரம் குறிப்பதற்குமுன், “கே ஊசி போட்டாயிற்றா?” என்று நர்சம்மாளைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, நூறு தாயத்துக்கு மேலானது என்போம்.