மின்கம்பியும் படத்தில் இருக்கட்டும்

காட்டுயிர்ப் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தருமபுரி மாவட்டத்தில் இப்போது நிறையவே இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், மருந்துக்கடைக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் சாலைக்கோ பஞ்சப்பள்ளி அணைப் பக்கமோ போய்விடுகிறார்கள். அவர்கள் எடுத்து வருவதில் பல, அச்சில் போடத் தகுந்த படங்கள். ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. யானை இருக்கும், அது நிற்கிற கேழ்வரகு வயல் இருக்காது. மீன்கொத்தி இருக்கும்; அது உட்கார்ந்திருந்த மின்கம்பி கணினியில் அழிக்கப்பட்டிருக்கும். மனிதக் கை பட்டதெல்லாம் படத்துக்குக் குறை என்று கருதி வெட்டியும் துடைத்தும் எடுத்துவிடுகிறார்கள். வேறு ஊரில் எப்படியோ, இந்த மாவட்டத்தில் அது பெரிய இழப்பு என்பதே என் கட்சி.

2023 மார்ச் மாதத்தை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 7ஆம் தேதி விடிந்தபோது மாரண்டஹள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. பயிரைக் காப்பதற்காக அனுமதியின்றி மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலி அவற்றைக் கொன்றது. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. இரண்டு வாரம் முடிவதற்குள், 18ஆம் தேதி, கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேட்டில் ஏறிய ஆண் யானை, தாழ்வாகத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசி அங்கேயே விழுந்தது. அது விழும் காட்சி காணொளியாக நாடெங்கும் பரவியது. முதல் சம்பவத்தில் வேலி சட்டவிரோதமானது. இரண்டாவதில் இருந்ததோ, நாம் தினமும் கடந்து போகிற சாதாரண மின்பாதை. இரண்டிலும் உயிரைக் குடித்தது, நம் ஒளிப்படக்காரர்கள் அழகு கெடும் என்று அழித்துவிடுகிற அதே கம்பிதான்.

கம்பி எப்போதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. வெயிலிலும் மின்சுமையிலும் உலோகம் சூடேறி நீளும், நீண்டால் தொய்யும். மண் கரைந்து கம்பம் சாய்ந்தாலும் தொய்யும். கம்பி அப்படியே இருந்து, தூர்வாரிய மண்ணைக் கொட்டிக் கீழே தரை உயர்ந்தாலும் இடைவெளி குறைந்துவிடும். வளர்ந்த ஆண் யானையின் தோள் உயரமே ஏறக்குறைய ஒன்பது அடி; துதிக்கையைத் தூக்கினால் இன்னும் பல அடி. ஆகவே யானையும் கம்பியும் சேர்ந்து விழுந்த படத்தில் அந்த யானையே அளவுகோல் ஆகிவிடுகிறது. யானை போன பிறகு எடுக்கும் படத்துக்கும் பயன் உண்டு. முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அதன் தோள் உயரம். ஈர மண்ணில் பதிந்த வட்டத் தடத்தைச் சுற்றி அளவு நாடாவை வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். நாடாவில் 135 சென்டிமீட்டர் என்றால், இரவில் அந்த வழியே போனது 270 சென்டிமீட்டர் உயரமுள்ள யானை. அதே இடத்தில் கேமராவைச் சற்று நிமிர்த்தினால், அது எந்தக் கம்பிக்கு அடியில் போனது என்பதும் தெரிந்துவிடும்.

சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பதிவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பார்க்கலாம். நடுகல் செதுக்கிய சிற்பி வீரனின் முகத்தழகோடு நின்றுவிடவில்லை. கையில் இருந்த ஆயுதத்தையும், எந்த மாட்டு மந்தைக்காகச் செத்தானோ அந்த மாடுகளையும் கல்லில் கொண்டுவந்தான். எழுத்துள்ள கற்களில் எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தப் பூசலில் பட்டான் என்பதும் இருக்கும். அதனால்தான் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்தும் ஆய்வாளர்கள் அந்தக் கற்களிலிருந்து வரலாறு எழுத முடிகிறது. தேதியும் இடமும் இல்லாத யானைப் படத்தை வைத்து, நாளைக்கு யாராலும் ஒன்றும் எழுத முடியாது.

நமக்கு நல்ல முன்னோடியும் இருக்கிறார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். கேமரா பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டுச் செய்துகொண்ட கருவியால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர். அந்தப் படங்கள் அவர் எழுதிய இயற்கை வரலாற்றின் ஒரு பகுதி. அலங்காரத்துக்காக எடுத்தவை அல்ல. நம் காலத்துக்கு வந்தால், மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் பிப்லப் ஹஸ்ரா எடுத்த படம். கூட்டத்திலிருந்து எறிந்த தீப்பந்து பட்டு எரியும் உடலோடு ஒரு குட்டி, தாயின் பின்னால் ஓடுகிறது. 2017இல் சாங்க்சுவரி அறக்கட்டளையின் காட்டுயிர் ஒளிப்பட விருது அதற்குக் கிடைத்தது. அவரும் தொழில்முறைக் கலைஞர் அல்லர். அந்தச் சாலையையும் பின்னால் நின்ற கூட்டத்தையும் வெட்டிவிட்டு யானைகளை மட்டும் அவர் காட்டியிருந்தால், நமக்கு விளங்கியிருக்கக்கூடியது மிகக் குறைவு.

‘வாரமெல்லாம் உழைத்துவிட்டு ஒரு நாள் அழகைத் தேடிப் போகிறோம், அதிலும் எங்களைக் கணக்கெடுக்கச் சொல்வதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அழகை விடச் சொல்லவில்லை. நெருக்கமான படத்தை எடுத்த கையோடு அகலமாக இன்னொன்றும் எடுத்துவைக்கலாம். டிஜிட்டலில் அதற்குச் செலவு கிடையாது. பயணப் படங்களுக்கும் இதே பேச்சுத்தான். ஒகேனக்கல்லில் பரிசலையும் புகைபோல் எழும் சாரலையும் எடுக்காதவர் இல்லை. அதே பாறையை அதே இடத்தில் நின்று ஆடியிலும் பங்குனியிலும் எடுத்துத் தேதியோடு வைத்தால், காவிரியின் நீர்வரத்தைப் பிலிகுண்டுலுவில் அளந்து நாளிதழ்கள் தினமும் போடுகிற கன அடிக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் காட்சியாகிவிடும். 2018, 2022, 2024 வெள்ளங்களில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது எந்தப் பாறை மறைந்தது, கரையோர நீர்மருது மரங்களில் எது போனது என்பதற்கெல்லாம் அந்த வரிசை சாட்சி சொல்லும். சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுவது அப்படிப்பட்ட ஆற்றோர மரங்களில்தான் என்பதால் இது வெறும் மரக் கணக்கும் அல்ல.

படத்துக்காக விலங்கை நெருங்கும் ஆசைக்கும் அகலமான படம் ஒரு மாற்று. 2023 மே மாதத்தில் ஒகேனக்கல் சாலையோரம் நின்ற யானையின் முன்னால் ஒருவர் போய்க் கைகூப்பி விழுந்து கும்பிட்ட காட்சி பரவியது. வனத்துறை அவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவர் பிழைத்தது யானையின் பொறுமையால். யானை படத்தில் சிறிதாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவருக்கு அருகில் போக வேண்டிய தேவையே இல்லை. சாலையில் நின்றே வயலையும் கம்பியையும் யானையையும் சேர்த்து எடுத்துவிடலாம். காவிரி வடக்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்குள் ஒளிப்படம் எடுக்கப் போவதற்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆனால் சிக்கல் நடக்கிற இடம் பெரும்பாலும் சரணாலயத்துக்கு வெளியே, நாம் நிற்க உரிமையுள்ள சாலைதான்.

இடத்தைச் சொன்னால் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியதாகாதா? இந்த ஆட்சேபணையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீர்நாய் வளையையும் ஆமை முட்டையிடும் மணல்திட்டையும் ஊரறியச் சொல்வது தவறு. பொதுவில் போடும் படத்தில் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான இடத்தைத் தன் குறிப்பேட்டிலும் வனத்துறையிடமும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள், ஆபத்தில் உள்ள உயிரினங்களின் இடத்தை இருபது கிலோமீட்டர் அளவுக்குத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டுகின்றன. யானையின் கதை வேறு. அது எந்த வயலில் இறங்கியது என்பது பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது அலுவலகங்களுக்கு மட்டும். எந்த யானை என்பதும் முக்கியம். 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பகுதியில் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னா (தந்தமில்லாத ஆண் யானை), சில வாரங்களுக்குள் கோவை நகர எல்லைவரை நடந்து வந்துவிட்டது. கிழிந்த காது, வால்முடி, முதுகு வளைவு ஆகியவற்றால் ஒரு யானையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய, இரண்டு பக்கமும் தெரியும் தெளிவான படங்கள் வேண்டும். அவை பொழுதுபோக்குக்காரர்களிடம் ஏராளமாக இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபணை விவசாயியிடமிருந்து வருவது. ‘கம்பியைக் காட்டி எங்களைக் குற்றவாளி ஆக்கப் போகிறீர்களா?’ ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்த்தவரின் கோபம் அது. அதற்கு முன்னால் யானைப் பாசம் மட்டும் பேசுவது நியாயமில்லை. ஆனால் வயலை வெட்டி எறிந்த அழகுப் படம்தான் அவருக்கு அநீதி செய்கிறது. அதில் யானை காட்டில் நிம்மதியாக இருப்பதுபோலத் தெரியும். அவருடைய நட்டம் எங்கேயும் தெரியாது. அகலமான படத்தில் ஒடிந்த கதிரும் இருக்கும். இழப்பீட்டு மனுவுக்கும் அது உதவும். வேலியிலும் வேறுபாடு உண்டு. முறையான சூரியமின் வேலி விட்டுவிட்டு நொடிப்பொழுது அதிர்ச்சி தந்து விரட்டும். மின்பாதையிலிருந்து நேரே கொக்கி போட்டு இழுத்த கம்பி, யானையோ மனிதரோ தொட்டவரைக் கொல்லும். 2023இல் மின்வேலிகளைப் பதிவுசெய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

தொய்ந்த மின்பாதையைப் படமெடுப்பவர் கம்பத்தில் எழுதியிருக்கும் எண் தெரியும்படி தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எண் இல்லாத புகாருக்கு இடம் தேடியே நாள் போய்விடும். மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் புகார் கொடுக்க முடியும். கேழ்வரகு கதிர் பிடித்து யானைகள் இறங்குவதற்கு முன்பே அந்த இரண்டு படங்களும் உதவிப் பொறியாளரின் மேசைக்குப் போய்விட்டால், கம்பியை இழுத்துக் கட்டவும் இடையில் ஒரு கம்பம் நடவும் அவருக்கு அவகாசம் இருக்கும்.